புறப்பட மாட்டேன் என்று சொல்லும் உரிமை

ஃப்ளைட் டிலே என்று அறிவித்தால் நமக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வானிலை சரியில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். நாம் ஏர்போர்ட் காபியின் விலையைப் பார்த்து வயிறெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

அடுத்த தடவை அப்படி உட்கார நேர்ந்தால் ஒன்றை யோசிச்சுப் பாருங்க. இந்த மூடுபனியில் நான் விமானத்தை எடுக்க மாட்டேன் என்று ஒரு பைலட் சொல்லியிருப்பார். அதனால் கம்பெனிக்குப் பண நஷ்டம். ஆனாலும் மறுநாள் அவர் வழக்கம்போல டியூட்டிக்கு வருவார். மாதக் கடைசியில் சம்பளமும் வரும்.

இந்த ஏற்பாடு தானாக வந்ததில்லை. ஒரு காலத்தில் எடுக்க மாட்டேன் என்று சொன்ன பைலட்டின் வேலை அன்றைக்கே போனது. எடுத்தவரின் உயிர் போனது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழியை உண்டாக்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் டேவிட் பென்க்கி. ரைட் சகோதரர்களையும் லிண்ட்பெர்க்கையும் நமக்குத் தெரியும். அமெரிக்க விமானிகளிடம் கேட்டால் இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அவருடைய கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

தபால் மூட்டையும் மூடுபனியும்

பென்க்கியைப் பார்ப்பதற்கு முன்னால் 1919க்கு ஒருமுறை போய்வந்துவிடுவோம். அமெரிக்கத் தபால் துறை அப்போதுதான் விமானத்தில் கடிதம் அனுப்ப ஆரம்பித்திருந்தது. திறந்த காக்பிட், ஒரே எஞ்சின், ரேடியோ கிடையாது. கீழே தெரியும் ரயில் தண்டவாளத்தையும் ஆற்றையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். மூடுபனி இறங்கினால் அதுவும் தெரியாது.

வாஷிங்டனில் இருந்த தபால் அதிகாரி ஆட்டோ பிரேகருக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. வானிலை எப்படி இருந்தாலும் தபால் நேரத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த ஜூலை மாதம் நியூயார்க் அருகே பெல்மான்ட் பார்க் மைதானத்தில் கடும் மூடுபனி. இரண்டு விமானிகள் அடுத்தடுத்துப் புறப்பட மறுத்தார்கள். இரண்டு பேருக்கும் வேலை போனது. மற்ற விமானிகள் கொதித்துப்போய் ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள்.

சில நாளிலேயே சமரசம் ஆனது. அந்தச் சமரசத்தில் ஒரு விதி வந்தது. இனிமேல் பைலட் முடியாது என்று சொல்லி, மைதான மேலாளர் முடியும் என்று சொன்னால், முதலில் மேலாளர் மேலே போய்க் காட்ட வேண்டும். அவருக்கு விமானம் ஓட்டத் தெரியாதா? தபால் மூட்டை வைக்கும் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு கூடவே போய்வர வேண்டும். விதி வந்த பிறகு எத்தனை மேலாளர்கள் ஏறியிருப்பார்கள் என்று நீங்களே ஊகிச்சுக்குங்க.

ஆனால் விமானிகளுக்கு அப்போது நிலையான சங்கம் எதுவும் இல்லை. தபால் துறை விமானச் சேவையில் 30க்கும் மேற்பட்ட விமானிகள் செத்துப்போனார்கள். 1920களின் நடுவில் அரசு இந்த வேலையைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. விமானிகளுக்கு முதலாளி மாறினார், மூடுபனி மாறவில்லை.

பண்ணை வீட்டுப் பையன்

டேவிட் பென்க்கி 1897இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய படிப்பு இல்லை. இளவயதிலேயே ராணுவத்தில் சேர்ந்தார். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான். முதல் உலகப் போர் முடிந்ததும் அந்தக் காலத்துப் பல விமானிகளைப் போலவே ஊர் ஊராகப் போய் வான் சாகசம் காட்டிப் பிழைத்தார். சிகாகோ பக்கம் ஒரு சின்ன விமான மைதானத்தையும் நடத்திப் பார்த்தார்.

1926இல் சிகாகோவுக்கும் மினியாபொலிஸுக்கும் நடுவில் தபால் விமானம் தொடங்கியது. அந்த வழித்தடம் தொடங்கிய முதல் நாளே ஒரு விமானி விபத்தில் இறந்தார். சில மாதங்களில் அந்தக் கம்பெனி கையை விரிக்க, நார்த்வெஸ்ட் ஏர்வேஸ் என்ற புதிய கம்பெனி வழித்தடத்தை எடுத்துக்கொண்டது. அதன் முதல் மூன்று விமானிகளில் பென்க்கி ஒருவர். அங்கே அவர் அதிக நாள் நீடிக்கவில்லை. பிறகு போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட்டில் சேர்ந்தார். அதுதான் பின்னால் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஆனது.

ஆளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹீரோ மாதிரி கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பேச்சு மெதுவாகத்தான் வரும். மேடையில் கைதட்டல் வாங்கத் தெரியாது. யாரையும் எளிதில் நம்ப மாட்டார். ஆனால் ஒரு வேலையை எடுத்தால் விடாப்பிடியாக உட்கார்ந்து முடிப்பார்.

1929இல் பங்குச் சந்தை சரிந்து பொருளாதார மந்தம் வந்தது. விமானக் கம்பெனிகள் சம்பளத்தில் கை வைக்கத் தொடங்கின. வெளியே வேலை தேடி நிற்கும் விமானிகள் ஏராளம். மோசமான வானிலையில் புறப்பட மறுத்தால், உன் இடத்துக்கு ஆள் வாசலிலேயே நிற்கிறான் என்பதை மேலாளர் வாய்விட்டுச் சொல்லவே தேவையில்லை. பைலட்டுக்கே தெரியும். வீட்டில் குழந்தைக்குப் பால் வாங்க வேண்டும். எடுத்துவிடுவார்.

சம்பளமும் பாதுகாப்பும் ஒரே பிரச்சினைதான் என்று பென்க்கி பிடித்துக்கொண்டது இந்த இடத்தில்தான். வேலை போய்விடும் என்று பயந்துகொண்டே இருக்கிறவனால் பாதுகாப்பைப் பற்றி முடிவெடுக்க முடியாது.

ரகசியமாக ஒரு சங்கம்

யூனியன் என்ற சொல்லே அன்றைய விமானிகள் பலருக்குப் பிடிக்காது. யூனியன் என்பது சுரங்கத் தொழிலாளிக்கும் ரயிலில் கரி அள்ளிப் போடுகிறவருக்கும்தான், நாம் வானத்து வீரர்கள் என்ற நினைப்பு. நம்மில் சிலருக்கும் இந்த நினைப்பு உண்டுதானே? லேப்டாப்பில் வேலை செய்தால் நாம் தொழிலாளி இல்லை என்று!

பென்க்கி பொறுமையாக ஆள் சேர்த்தார். ஒவ்வொரு கம்பெனியிலும் நம்பிக்கையான சிலரைப் பிடித்து, அவர்கள் மூலம் மற்றவர்களிடம் பேசவைத்தார். எல்லாம் ரகசியமாக நடந்தது. பெயர் வெளியே வந்தால் வேலை இருக்காது. 1931 ஜூலையில் சிகாகோவில் சுமார் இரண்டு டஜன் விமானிகள் கூடினார்கள். ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக ஆல்பா, அங்கே பிறந்தது. பென்க்கி தலைவர் ஆனார். அடுத்த மாதமே அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் சேர்ந்தார்கள். வானத்து வீரர்கள், சுரங்கத் தொழிலாளிகளும் ரயில் தொழிலாளிகளும் சங்கம் வைத்திருந்த அதே வரிசையில் வந்து நின்றார்கள்.

தலைவர் ஆன பிறகும் பென்க்கி விமானம் ஓட்டுவதை உடனே விட்டுவிடவில்லை. பறந்துவிட்டு வந்து சங்க வேலை, சங்க வேலை முடித்துவிட்டுப் பறப்பது என்று கொஞ்ச காலம் ஓடியது.

கார் முதலாளியோடு மோதல்

சங்கத்துக்கு முதல் பரீட்சை ஒரு வருஷம்கூட ஆவதற்குள் வந்தது. எரெட் லோபன் கார்ட் என்ற பெயரை நம்ம மெக்கானிக்கல் ஆட்களில் கார் பைத்தியங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆபர்ன், கார்ட், டூசன்பெர்க் கார்களின் முதலாளி. அவர் 1931இல் சென்ச்சுரி ஏர்லைன்ஸ் என்று சிகாகோவிலிருந்து ஒரு விமான நிறுவனம் ஆரம்பித்தார். குறைந்த கட்டணம், குறைந்த செலவு என்பது அவர் ஃபார்முலா.

1932 பிப்ரவரியில் விமானிகளின் மாதச் சம்பளத்தை 350 டாலரிலிருந்து 150 டாலருக்கு இறக்கினார். பாதிக்கும் கீழே! வேலைக்கு வந்த விமானிகளை ஆயுதம் தாங்கிய காவலாளிகள் எதிர்கொண்டார்கள். பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் புதிய சம்பளத்துக்கு மறுபடி விண்ணப்பித்தால்தான் உள்ளே விடுவோம் என்றது நிர்வாகம். ஸ்ட்ரைக்கா கதவடைப்பா என்று பட்டிமன்றமே வைக்கலாம். எப்படியோ, சுமார் 20 விமானிகள் வெளியே நின்றார்கள். கார்ட் கருங்காலிகளை வேலைக்கு எடுக்கத் தொடங்கினார்.

20 பேர் ஒரு கோடீஸ்வரரை என்ன செய்துவிட முடியும்? சிகாகோவில் ஒன்றும் செய்ய முடியாது என்பது பென்க்கிக்குப் புரிந்தது. அப்படியென்றால் கார்டுக்கு எங்கே வலிக்கும்? பயணிகள் டிக்கெட்டை மட்டும் வைத்து அந்தக் காலத்தில் விமான நிறுவனம் பிழைக்க முடியாது. அரசின் தபால் ஒப்பந்தம் வேண்டும். கார்ட் அதற்குத்தான் குறிவைத்திருந்தார். மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்குத் தபால் கொண்டுபோகிறேன் என்று வாஷிங்டன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆக, சண்டையை நடத்த வேண்டிய இடம் வாஷிங்டன்.

அங்கே பென்க்கிக்குக் கிடைத்த ஆள் ஃபியோரெல்லோ லாகார்டியா. நியூயார்க் எம்.பி., முதல் உலகப் போரில் இத்தாலிய எல்லையில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். இன்று நியூயார்க்கில் ஒரு விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். அவர் நாடாளுமன்றத்தில் எழுந்து கார்டைக் கிழித்துத் தொங்கவிட்டார். அனுபவமில்லாத ஆட்களைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்துப் பறக்கவிடும் ஒருவருக்கு மக்கள் வரிப்பணத்தில் தபால் ஒப்பந்தமா என்ற கேள்வி பத்திரிகைகளிலும் கிளம்பியது.

சில மாதங்களிலேயே கார்ட் சென்ச்சுரியை அமெரிக்கன் ஏர்வேஸின் தாய்க் கம்பெனிக்கு விற்றுவிட்டார். விமானிகளுக்கு இது முழு வெற்றியா? அப்படிச் சொல்ல முடியாது. விற்றதற்குப் பதிலாகப் பங்குகளை வாங்கிக்கொண்ட கார்ட், பின்னால் அந்தத் தாய்க் கம்பெனியையே தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். கோடீஸ்வரர்கள் அவ்வளவு சீக்கிரம் தோற்பதில்லை. ஆனால் சம்பளத்தை 150 டாலராக்கும் திட்டம் அந்தத் தொழிலில் பரவாமல் நின்றது. மற்ற முதலாளிகளும் சங்கம் என்று ஒன்று இருப்பதைக் குறித்துவைத்துக்கொண்டார்கள்.

மைல் கணக்கா, மணிக் கணக்கா?

இப்போது வருவது நமக்கான பகுதி. கொஞ்சம் கணக்கு இருக்கு, பயப்படாதீங்க.

1933இல் போயிங் 247 வந்தது. முழு உலோக உடல், இரண்டு எஞ்சின், மடக்கிக்கொள்ளும் சக்கரங்கள். பழைய மூன்று எஞ்சின் விமானங்கள் மணிக்குச் சுமார் 100 மைல் போகும் என்று வைத்துக்கொண்டால், இது 180 மைலை நெருங்கியது. அதுவரை விமானிகளுக்குப் பெரும்பாலும் பறந்த மைலைப் பொறுத்துச் சம்பளம் கிடைத்துவந்தது. ஐந்து பெரிய கம்பெனிகளும் கூடிப் பேசி, இனிமேல் மணிக் கணக்கில்தான் சம்பளம் என்று முடிவு செய்தன.

ஏன் என்று கணக்குப் போடுங்க. மாதம் 85 மணி நேரம் பறக்கும் விமானி, 100 மைல் வேகத்தில் 8,500 மைல் போவார். அதே 85 மணி நேரத்தில் 180 மைல் வேகத்தில் 15,300 மைல் போவார். மணிக் கணக்கில் சம்பளம் கொடுத்தால், கம்பெனிக்கு அதே செலவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை. தேவைப்படும் விமானிகளும் குறைவு. புதிய தொழில்நுட்பத்தின் லாபம் முழுக்க ஒரே பக்கம் போய்ச் சேரும்.

கம்பெனியின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. விமானத்தை வாங்கப் பணம் போட்டது நாங்கள், வேகம் கூடியதற்கு விமானி என்ன செய்தார் என்று கேட்டார்கள். வேகமான விமானத்தை இறக்குவது கஷ்டம், பின்னால் உட்கார்ந்திருக்கும் உயிர்களும் அதிகம், பொறுப்பு எங்கள் தலையில்தானே என்றார்கள் விமானிகள்.

ஆனால் மைல் கணக்கிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, கவனிச்சீங்களா? பறந்த மைலுக்கு மட்டும் சம்பளம் என்றால், பனிமூட்டத்தில் தரையில் நிற்கும் நாளுக்குக் காசு இல்லை. மேலாளர் மிரட்டவே வேண்டாம், விமானியின் பர்ஸே அவரை மேலே தள்ளும். நம்ம ஊரில் டிரிப் கணக்கில் ஓடும் தண்ணி லாரியும் நேரத்துக்குப் பார்சல் கொடுத்தால்தான் காசு என்று பறக்கும் பைக்கும் இதே கதைதான்.

பென்க்கி நாடு முழுவதும் ஸ்ட்ரைக் என்று அறிவித்தார். அரசு பதறியது. பிரச்சினை தேசியத் தொழிலாளர் வாரியத்துக்குப் போனது. மாதக்கணக்கில் விசாரணை நடந்தது. இரண்டு தரப்பும் கட்டுக்கட்டாகக் கணக்கு வைத்துக்கொண்டு வாதாடின. 1934 மே மாதம் தீர்ப்பு வந்தது. 83ஆம் தீர்ப்பு என்று விமானிகள் இன்றும் அதைச் சொல்வார்கள்.

அதன்படி சம்பளம் மூன்று பகுதியாகப் பிரிந்தது. முதலாவது, அனுபவத்தைப் பொறுத்து அடிப்படைச் சம்பளம். பறந்தாலும் பறக்காவிட்டாலும் இது உண்டு. இரண்டாவது, மணி நேரத்துக்கான தொகை. விமானத்தின் வேகம் கூடக்கூட இதுவும் கூடும், இரவில் பறந்தால் இன்னும் அதிகம். மூன்றாவது, மைலுக்கான தொகை. அதோடு, மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் ஒரு விமானியைப் பறக்கவைக்கக் கூடாது என்ற உச்சவரம்பு.

இதை ஒரு சம்பளப் பட்டியலாக மட்டும் பார்க்காதீங்க. இது ஒரு டிசைன். அடிப்படைச் சம்பளம் இருப்பதால் முடியாது என்று சொல்லும் விமானியின் வீட்டில் அடுப்பு எரியும். உச்சவரம்பு இருப்பதால் காசுக்காகத் தூங்காமல் பறக்கவும் முடியாது, பறக்கச் சொல்லவும் முடியாது. புதிய விமானத்தின் லாபத்தில் இரண்டு தரப்புக்கும் பங்கு உண்டு.

தீர்ப்பு வெறும் காகிதமாகப் போய்விடாமல் பார்த்துக்கொண்டதுதான் பென்க்கியின் கெட்டிக்காரத்தனம். அந்த வருஷம் பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், தபால் ஒப்பந்தங்களில் முறைகேடு என்று எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு ராணுவ விமானிகளைத் தபால் கொண்டுபோகச் சொல்லியிருந்தார். இரவிலும் பனியிலும் பறக்கப் பழக்கமில்லாத இளம் ராணுவ விமானிகள் சில வாரங்களிலேயே பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானக் கம்பெனிகளும் வேலை இழந்த விமானிகளில் பலரும் ரூஸ்வெல்ட்டைத் திட்டித் தீர்த்தார்கள். பென்க்கி மட்டும் ரூஸ்வெல்ட் பக்கம் நின்றார். சொந்தச் சங்கத்தில் பலருக்கு அவர்மேல் ஆத்திரம். ஆனால் ஜூன் மாதம் வந்த புதிய தபால் விமானச் சட்டத்தில், ஒப்பந்தம் வேண்டும் என்றால் 83ஆம் தீர்ப்பை மதித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 1936இல் ரயில்வே தொழிலாளர் சட்டம் விமானத் தொழிலுக்கும் நீட்டிக்கப்பட்டது. கம்பெனிகள் சங்கத்தோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். 1939இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

விழுந்த விமானத்தை விசாரிப்பது யார்?

1935 மே மாதம் ஒரு டிசி-2 விமானம் மிசௌரி மாநிலத்தில் மூடுபனியில் விழுந்தது. இறந்தவர்களில் ஒருவர் செனட்டர் ப்ரான்சன் கட்டிங். விசாரணை செய்தது யார் தெரியுமா? விமானப் போக்குவரத்தை நடத்தும் அதே அரசுத் துறை. வழிகாட்டும் ரேடியோ நிலையங்களும் அதன் பொறுப்புதான், வானிலைத் தகவல் தரும் ஏற்பாட்டிலும் அதற்குப் பங்கு உண்டு. அறிக்கையில் குற்றம் பெரும்பாலும் விமானக் கம்பெனி மீதும் விமானி மீதும் போனது. ஆச்சரியமில்லை. நம் லேப் ரிப்போர்ட்டை நாமே திருத்தி மார்க் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்!

செனட் தனியாகக் குழு போட்டு விசாரித்தது. அந்தக் குழு அரசுத் துறையையே குறை சொன்னது. செத்துப்போன விமானி எழுந்துவந்து பதில் சொல்ல முடியாது, அதனால் குற்றத்தை அவர் தலையில் கட்டுவது எல்லோருக்கும் வசதி என்பதை விமானிகள் பல விபத்துகளில் பார்த்திருந்தார்கள். விசாரணை தனி அமைப்பின் கையில் இருக்க வேண்டும், அதில் ஒரு விமானியும் இருக்க வேண்டும் என்று பென்க்கி வாஷிங்டனில் நடையாய் நடந்தார்.

1938இல் வந்த புதிய சட்டம் மூன்று பேர் கொண்ட விமானப் பாதுகாப்பு வாரியத்தை உருவாக்கியது. மூவரில் ஒருவர் விமானியாக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. 1939 மார்ச்சிலிருந்து 17 மாதங்கள் அமெரிக்க உள்நாட்டுப் பயணிகள் விமானங்களில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதற்கு வாரியம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, டிசி-3 போன்ற நல்ல விமானங்களும் வந்திருந்தன. இருந்தாலும் விமானிகளுக்கு அது பெருமையான காலம்.

1940இல் நிர்வாகச் சீரமைப்பு என்ற பெயரில் ரூஸ்வெல்ட் அந்த வாரியத்தைக் கலைத்தார். பென்க்கி விமானிகளைத் திரட்டிக்கொண்டு போய் எதிர்த்தும் பலிக்கவில்லை. எந்த ரூஸ்வெல்ட்டுக்காகச் சொந்த ஆட்களிடம் திட்டு வாங்கினாரோ, அவரிடமே தோற்றார். அந்த ஆகஸ்ட் கடைசி நாளில் வர்ஜீனியாவில் ஒரு டிசி-3 விழுந்து 25 பேர் இறந்தார்கள். விபத்துகளைத் தனி அமைப்பு விசாரிக்க வேண்டும் என்ற அவர் கோரிக்கை அமெரிக்காவில் முழுமையாக நிறைவேறியது 1970களில்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

கடைசி ஆண்டுகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நான்கு எஞ்சின் விமானங்கள் வந்தன. 50 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு மணிக்கு 300 மைலை நெருங்கும் கான்ஸ்டலேஷன் போன்றவை. பழைய சண்டை மறுபடி முளைத்தது. 1946 அக்டோபரில் டிடபிள்யூஏ விமானிகள் மூன்று வாரத்துக்கு மேல் ஸ்ட்ரைக் செய்தார்கள். 1948இல் நேஷனல் ஏர்லைன்ஸ் ஸ்ட்ரைக் ஏறக்குறைய பத்து மாதம் நீண்டது. அதன் மூலக் காரணம் சம்பளம் இல்லை. ஒரு விபத்துக்காக ஒரு விமானியை முறையான விசாரணை இல்லாமல் வேலையைவிட்டுத் தூக்கினார்கள். அந்த ஒரு ஆளுக்காக மற்றவர்கள் வெளியே வந்தார்கள். கம்பெனி கருங்காலிகளை வைத்துப் பறந்தது. கடைசியில் அரசு தலையிட்ட பிறகுதான் முடிவுக்கு வந்தது.

இதுவரை சொன்னதை வைத்து பென்க்கிக்குச் சிலை வைத்துவிடத் தோன்றும். ஆனால் முழுக்கதையையும் சொல்லாவிட்டால் தப்பு.

சங்கம் சில நூறு பேரிலிருந்து பல ஆயிரம் பேராக வளர்ந்துவிட்டது. பென்க்கி வளரவில்லை. எல்லாக் கடிதமும் தன் மேஜைக்கு வர வேண்டும், எல்லா ஒப்பந்தத்தையும் தானே பேச வேண்டும். வேறு யாரையும் நம்பிப் பொறுப்பைக் கொடுக்க மாட்டார். பேச்சுவார்த்தைகள் வருஷக்கணக்கில் தேங்கின. சம்பள உயர்வுக்குக் காத்திருந்த விமானிகள் பொறுமை இழந்தார்கள். விமானங்களின் வேகம் கூடிக்கொண்டே போனால் விமானிகளின் வேலை குறையும், அதனால் மாதம் இத்தனை மைலுக்கு மேல் பறக்கக் கூடாது என்று உச்சவரம்பு வேண்டும் என்றார். அதிகம் சம்பாதிக்க விரும்பிய விமானிகள் பலருக்கு அதில் ஆர்வமில்லை.

1951 ஜூலையில் சங்கத்தின் பிரதிநிதிகளே அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 20 வருஷம் தலைவராக இருந்தவர். அவர் கோர்ட்டுக்குப் போனார். சில காலம் ஒரே சங்கத்துக்கு இரண்டு தலைவர்கள் என்ற அலங்கோலம் நடந்தது. கடைசியில் க்ளாரன்ஸ் சேயன் என்ற இளம் விமானி தலைவராக நிலைத்தார். 1953இல் பென்க்கி மாரடைப்பில் இறந்தார். வயது 60கூட ஆகவில்லை.

எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. மேலே இருக்கும் ஒருவரிடம் முடியாது என்று சொல்லும் உரிமைக்காக வாழ்நாள் முழுக்கப் போராடியவர், தன்னிடம் முடியாது என்று சொன்னவர்களைக் கேட்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர்மேலேயே பிரயோகித்தது அவர் கட்டிய சங்கம். அதற்காக அந்தப் பாடம் பொய்யாகிவிடாது.

இன்று நம் நாட்டு விதிப்படி ஒரு விமானி 365 நாளில் 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. பென்க்கி வாங்கிய 85ஐ 12ஆல் பெருக்கிப் பாருங்க, 1,020 வரும். கிட்டத்தட்ட 90 வருஷம் கழித்து, வேறு கண்டத்தில், ஜெட் எஞ்சின் வந்த பிறகும் மனித உடம்பு தாங்கும் கணக்கு பெரிதாக மாறவில்லை.

நாம் எல்லோரும் பைலட் ஆகப்போவதில்லை. ஆனால் இன்னும் சில வருஷத்தில் நம்மில் ஒருவர் கட்டடத்தின் கான்கிரீட் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். இன்னொருவர் பாய்லருக்கு, வேறொருவர் பிரேக் சிஸ்டத்தின் சாஃப்ட்வேருக்கு. ரீடிங் சரியில்லாத ஒரு நாளில், இன்றைக்கே அனுப்பியாக வேண்டும் என்று மேலிருந்து போன் வரும். அப்போது முடியாது என்று சொல்ல தைரியம் மட்டும் போதாது. சொன்ன பிறகும் மறுநாள் வேலைக்கு வர வழி இருக்க வேண்டும். ஆஃபர் லெட்டரில் சம்பளத் தொகையைப் பார்க்கும்போது, அந்த வழி அங்கே இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.